நடுக்குவாதத்துக்கு மாத்திரை இருக்கும்போது கவுன்சிலிங் எதற்கு?

கேள்வி: ஜனவரி 18, 2025

என் அப்பாவுக்கு 66 வயது. நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், என்று உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறார், பிசியோதெரபியும் நடக்கிறது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். பேத்தியின் காதுகுத்துக்குக்கூட வரவில்லை. நரம்பியல் மருத்துவர் உளவியல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். "எனக்கு மூளையில்தான் கோளாறு, புத்தியில் இல்லை; என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா?" என்று அப்பா கோபப்படுகிறார். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் நோய்க்கு உட்கார்ந்து பேசுவதால் என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தோன்றுகிறது. போய்ப் பயன் கண்டவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 18, இரவு

நான் போயிருக்கிறேன். எனக்கு இந்த நோய் 2016இல் உறுதியானது. உளவியலாளரிடம் ஒழுங்காகப் போகத் தொடங்கியது 2021இல். இடையில் கழிந்த ஐந்து ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எழுத உட்கார்ந்தேன்.

பேசுவதால் நோய் நிற்காது, அதன் வேகமும் குறையாது. அப்படி எவரேனும் உறுதி தந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் உங்கள் அப்பா இழந்தவற்றில் நோய் பறித்தது எவ்வளவு, நோய்க்கு அஞ்சி அவராகவே விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மாத்திரையும் பயிற்சியும் ஒழுங்காக நடக்கும் ஒருவரை நான்காம் ஆண்டில் காதுகுத்துக்குப் போகவிடாமல் தடுத்தது கால்களாக இருக்காது. பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்களாகத்தான் இருக்கும்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்தேன். கரும்பலகையில் ஒரு வரியைத் தொடங்கும்போது என் எழுத்து எப்போதும்போல் இருக்கும். வரி முடியும் இடத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துவிடும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் "ஐயா, தெரியவில்லை" என்று குரல் கொடுத்தபோது, கண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அவர்களைத்தான் அனுப்பினேன். பிறகு வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் தாமாகவே அசையத் தொடங்கின. நோய் என்னிடமிருந்து எடுத்தது எழுத்தின் அளவை மட்டும்தான். நானோ, ஓய்வுபெற இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கும்போதே பலகையில் எழுதுவதை விட்டேன், இலக்கிய மன்றப் பொறுப்பை விட்டேன், பிரிவுபசார விழாவே வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டேன், கடைசியில் கடைத்தெருவுக்குப் போவதையும் விட்டேன். இவற்றில் ஒன்றைக்கூட எந்த மருத்துவரும் விடச் சொல்லவில்லை.

ஜனவரி 19

கீழ்ப்பாக்கம் என்ற சொல்லைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டேன். 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். என் வீட்டிலும் அந்தச் சொல்தான் முதலில் வந்தது, அதுவும் என் வாயிலிருந்தே வந்தது.

"மூளையில்தான் கோளாறு, புத்தியில் இல்லை" என்று உங்கள் அப்பா சொல்வது நோயின் வரலாற்றில் மிகப் பழைய கருத்து. 1817இல் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு பேரைக் கொண்டு இந்த நோயை விவரித்துச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டுதான் குறித்துக்கொண்டார். நோய்க்கு இலக்கணம் சொன்ன இடத்தில், புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று சேர்த்துவிட்டார். நடையையும் கையையும் அவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கு, தெருவில் போகிறவரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது எப்படித் தெரிந்திருக்கும்?

மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் நடுக்கமும் விறைப்பும் மந்தமும் வருகின்றன என்பது பலருக்கும் தெரியும். செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றைச் சுரக்கும் செல்களும் கூடவே பாதிக்கப்படுகின்றன என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆகவே மனச்சோர்வும் பதற்றமும் நோயைக் கேள்விப்பட்ட அதிர்ச்சியில் மட்டும் வருபவை அல்ல. அவை நோயின் உறுப்புகள். சிலருக்கு நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவை வந்துவிடுகின்றன. மலச்சிக்கலும் அப்படித்தான். அதற்கு மருந்து கேட்க உங்கள் அப்பா வெட்கப்பட்டிருக்க மாட்டார். மனச்சோர்வும் அதே வரிசையில் நிற்கும் ஒன்று என்று சொல்லிப் பாருங்கள். என்னிடம் என் மருத்துவர் அப்படித்தான் சொன்னார், அது எடுபட்டது.

ஜனவரி 21

"உள்ளே என்னதான் பேசுவார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முறையின் பெயர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சிபிடி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் மனச்சோர்வுக்காக வகுத்தது.

என் உளவியலாளருக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். நான்காவது அமர்வில், "டீக்கடைக்கு ஏன் போவதில்லை, சார்?" என்று கேட்டார். கிளாஸ் நடுங்கும், டீ சிந்தும், எல்லோரும் பார்ப்பார்கள், காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, இவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் நடக்கும் என்று நூற்றுக்கு எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள் என்று எண் போடச் சொன்னார். எல்லோரும் பார்ப்பார்கள் என்பதற்கு 90 போட்டேன். குடித்திருக்கிறேன் என்று நினைப்பார்கள் என்பதற்கு 80. அடுத்த வாரத்துக்குள் ஒரு நாள், மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, டீக்கடைக்குப் போய் அரை கிளாஸ் டீ கேட்டு வாங்கி, கடையில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும் என்றார்.

போனேன். பதினொரு பேர் இருந்தார்கள். கிளாஸ் நடுங்கியது, கட்டைவிரலில் சிந்திச் சுட்டது. இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவன் அப்பாவோடு பன் சாப்பிட வந்த சிறுவன். இன்னொருவர் என் பக்கத்தில் இருந்தவர். தம் கையிலிருந்த நாளிதழ் நனையாதபடி சற்று இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படித்தார். மற்ற ஒன்பது பேரும் தத்தம் பேச்சிலேயே இருந்தார்கள். மறுநாளும் போனேன். நான் கேட்காமலேயே மாஸ்டர் அரை கிளாஸ்தான் ஊற்றினார்.

"யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள்" என்று என் மனைவி நூறு முறை சொல்லியிருக்கிறார். நான் நம்பியதில்லை, நம்பாததும் சரிதான், ஏனென்றால் இரண்டு பேர் பார்க்கவே செய்தார்கள். அந்த இரண்டு பேர் பார்த்தபோதும் டீயைக் குடித்து முடிக்க என்னால் முடிந்தது என்பதைத்தான் அன்று கண்டுகொண்டேன். அதை எவரும் வாயால் சொல்லி எனக்குப் புரியவைத்திருக்க முடியாது. இதில் உடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த நோயின் நடுக்கம் பதற்றத்தில் கூடும். பார்க்கிறார்களே என்று பதறினால் நடுக்கம் ஏறும். நடுக்கம் ஏறினால் பதற்றம் இன்னும் ஏறும். அந்தச் சுழலின் ஒரு முனை மாத்திரையின் கையில் இருக்கிறது, மறுமுனை இங்கே இருக்கிறது.

ஜனவரி 22, காலை

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். எல்லாத் துயரமும் நினைப்பினால் வருவது, நினைப்பை மாற்றினால் போய்விடும் என்று எவரேனும் பொருள் கொண்டுவிடலாம். அது தவறு. எனக்கே அந்தத் தவறு நேர்ந்தது.

இரண்டு வாரங்கள் மணிக்கு மணி மனநிலையைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். காலை பதினொன்றரை மணிக்கும் மாலை நான்கரை மணிக்கும் நாள் தவறாமல் ஓர் இருட்டு வந்து இறங்கியிருந்தது. இந்த வாழ்வு எதற்கு என்ற கேள்வி அந்த நேரங்களில்தான் வரும். அப்போது என்ன நினைத்தேன், அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன என்று மூன்று அமர்வுகள் குடைந்துகொண்டிருந்தோம். பிறகு உளவியலாளரே அந்தத் தாளின் பக்கத்தில் மாத்திரை நேரங்களையும் எழுதச் சொன்னார். இருட்டு வந்த நேரமெல்லாம் அடுத்த மாத்திரைக்கு அரை மணி நேரத்துக்கு முந்தைய நேரமாகவே இருந்தது. மாத்திரையின் வேகம் இறங்கும்போது கை கால் மட்டும் இறுகுவதில்லை, மனமும் இறுகுகிறது. தாளை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். வேளைகளை மாற்றி அமைத்தார். அந்த இரண்டு இருட்டுகளும் பெருமளவு குறைந்தன.

மிச்சமிருந்த துயரம்தான் பேசித் தீர்க்க வேண்டியது. இரண்டையும் பிரிக்காமல் சிகிச்சையைத் தொடங்கினால், மருந்தின் வேலையை மனத்தின் தலையில் கட்டிவிட்டு, பிறகு மனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஜனவரி 26

பயன் இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நம்புகிறேன். நான் முதலில் போனதும் 2021இல் சந்தித்தவரிடம் அல்ல. 2019இல் ஓர் ஊரில் ஓர் ஆலோசகரிடம் போனேன். இருபது நிமிடங்கள் நடந்தது. "நல்லதையே நினையுங்கள், உங்களைவிட மோசமான நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பாருங்கள்" என்றார். நோயின் பெயரைச் சொன்னபோது அதை எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்டார். வெளியே வந்து, இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்தேன். ஊக்கப்பேச்சைச் சிகிச்சை என்று எண்ணிக்கொண்டதால் எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போயின. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறு இல்லை. நரம்பு நோயாளிகளைப் பார்த்த பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். உங்கள் அப்பாவின் முகத்தில் உணர்ச்சி தெரியாமல் இருக்கலாம். இந்த நோய் முகத்தசையை இறுக்கி மனிதரைக் கோபக்காரர்போல் காட்டும். பழக்கமில்லாத ஆலோசகர் அதை மனச்சோர்வு என்று எழுதிவிடுவார். இன்னொன்று, எதிலும் அக்கறையே எழாத நிலை. அது துயரமும் அல்ல, சோம்பலும் அல்ல, நோயே கொண்டுவருவது. அந்த நிலையில் இருப்பவரிடம் "முயற்சி செய்யுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது கொடுமை. நாளுக்குக் கால அட்டவணை போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்று தொடங்கிவைக்க வேண்டும்.

முறையாகச் செய்தால் பயன் இருக்கிறதா என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ரோசான் டாப்கின் குழுவினர் மனச்சோர்வும் பார்க்கின்சனும் சேர்ந்திருந்த 80 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கண்காணிப்போடு பத்து வாரங்கள் சிபிடி. மற்றவர்களுக்குக் கண்காணிப்பு மட்டும். முதல் பகுதியில் நூற்றுக்கு 56 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. மற்றதில் 8 பேரிடம். முன்னேற்றம் காணாத 44 பேரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. நீங்கள் இருவரும் எழுதியதை நான் நம்புவது அதனால்தான்.

பிப்ரவரி 2

என் மனைவி இதுவரை எழுதியவற்றையெல்லாம் படித்தார். "எல்லாவற்றையும் நீங்களே செய்ததுபோல் இருக்கிறதே" என்றார். உண்மை. திருத்தி எழுதுகிறேன்.

மேலே சொன்ன ஆய்விலேயே உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கென்று நான்கு அமர்வுகள் தனியாக வைத்திருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. ஆனால் எங்கள் உளவியலாளர் ஆறாவது முறை என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவரை உள்ளே அழைத்தார். முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு நாள் இட்லி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஐந்து ஆண்டுகளில் எல்லோரும் 'சார் எப்படி இருக்கிறார்' என்றுதான் கேட்டார்கள். அன்றைக்குத்தான் ஒருவர் 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டார்."

எங்கள் வீட்டில் பெரிய சண்டை சட்டைப் பொத்தானில்தான் வரும். ஐந்து பொத்தான்கள் போட எனக்கு ஏழெட்டு நிமிடங்கள் ஆகும். மூன்றாவதுக்குள் அவர் வந்து மளமளவென்று மாட்டிவிடுவார். எனக்குச் சுருக்கென்று இருக்கும், கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். அவருக்கு அது அன்பு, எனக்கு அது அவமானம். இதை இருவரும் ஒரே அறையில் மூன்றாம் ஆள் ஒருவர் முன்னால்தான் சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது: பேருந்தைப் பிடிக்க வேண்டிய நாளில் அவர் போட்டுவிடுவார், மற்ற நாள்களில் நான் கூப்பிட்டால் மட்டும் வருவார். இவ்வளவு சிறிய ஏற்பாட்டுக்கு வந்துசேர எங்களுக்கு ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகும் நிலைப்படியில் என் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு முயன்றாலும் வராது. பிசியோதெரபிஸ்ட் சொன்னதைக் கேட்டு, என் பழைய சாக்பீஸ் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, ஓர் அடி இடைவெளியில் ஐந்து குறுக்குக் கோடுகளைத் தரையில் போட்டவர் என் மனைவிதான். கோட்டைத் தாண்டுவதாக நினைத்தால் கால் எழுகிறது. தினமும் வீடு துடைத்த பிறகு மறுபடி போடுகிறார். இதையும் நான் எழுதியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 9

"நோயை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள், அதாவது தலைவிதி என்று விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்டவருக்கு.

இந்தச் சொல்லால் நானும் புண்பட்டேன். "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று முதன்முறை கேட்டபோது, தோற்றுப்போ என்று சொல்வதாகவே என் காதில் விழுந்தது. சொல்லைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவன் ஆகையால் நாள்கணக்கில் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு எங்கள் பணியில் தினமும் புழங்கிய ஒரு சொல் நினைவுக்கு வந்தது: பணியேற்பு.

1994இல் நான் கேட்காத ஓர் ஊருக்கு மாறுதல் ஆணை வந்தது. இரண்டு பேருந்துகள் மாற வேண்டும். பள்ளியில் கூரை ஒழுகும். எனக்குச் சிறிதும் விருப்பமில்லை. ஆனாலும் குறித்த நாளில் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பணியேற்றேன். மாறுதலை எதிர்த்து மனு எழுதிக்கொண்டும் இருந்தேன், எட்டாம் வகுப்புக்கு யாப்பு நடத்திக்கொண்டும் இருந்தேன். பணியேற்காமல் வீட்டில் இருந்திருந்தால் மனுவும் செல்லாது, பிள்ளைகளுக்குப் பாடமும் நடந்திருக்காது. நோயை ஏற்பது என்பது எனக்கு இந்தப் பொருளில்தான் புரிந்தது. பிடிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை; போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இதையே மையமாக வைத்து ஒரு சிகிச்சை இருக்கிறது. ஏற்பு-உறுதிப்பாட்டுச் சிகிச்சை என்பது பெயர், சுருக்கமாக ஆக்ட் என்று சொல்கிறார்கள். ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் உருவாக்கத் தொடங்கியது. நினைப்பு சரியா தவறா என்று அது வாதாடுவதில்லை. அந்த நினைப்பு கூடவே இருக்க, உனக்கு எது பெரிது, அதை நோக்கி இன்றைக்கு என்ன செய்வாய் என்று கேட்கிறது. சிலருடைய நோயில் அஞ்சுவது எல்லாம் உண்மையாகவே நடக்கப்போகிறது. அங்கே ஆதாரம் கேட்டு என்ன செய்வது? ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்த, தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாக அழியும் மோட்டார் நியூரான் நோயை நினைத்துப் பாருங்கள். அந்த நோய் கண்ட 191 பேரிடம் பிரிட்டனில் பதினாறு மையங்களில் ஆக்ட் முறையைச் சோதித்து, 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதிகபட்சம் எட்டு அமர்வுகள்தான். ஆறாவது மாதத்தில் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஆக்ட் பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் மேலாக இருந்தது. வேற்றுமை மிதமானதுதான். ஆனால் அந்த நோயில் மிதமான நன்மை தரும் மருந்தே அரிது என்பதை அறிந்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும்.

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, தம் அண்ணன் "போதும், போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது" என்று அடிக்கடி சொல்வதாக ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குப் பத்து வார அமர்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. இன்றைக்கே அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போது மருந்தும் வேண்டும். பேச்சு மட்டும் போதாது. அவரிடம் நேராகக் கேட்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

பிப்ரவரி 23

உங்களிடமிருந்து வேறொரு கேள்வி: அப்பா இரவெல்லாம் கைபேசியில் ரம்மி ஆடுகிறார், பணமும் போகிறது, இதையும் கவுன்சிலிங்கில் சொல்ல வேண்டுமா?

கவுன்சிலிங்குக்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரை அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அவை டோபமின்போல் செயல்படுபவை. சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி வாங்கிக் குவித்தல், அளவற்ற தீனி, கட்டுக்கடங்காத காம உணர்வு ஆகியவற்றைத் தூண்டிவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 13 பேருக்கு மேல் இவற்றில் ஒன்றாவது இருந்தது. இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் கூடுதலாக இருந்தது. உங்கள் அப்பா ஒழுக்கம் கெட்டுவிடவில்லை. அதே நேரத்தில் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. சட்டென்று நிறுத்தினால் வேறு கேடுகள் வரும். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

அவர் வெளியே வராமல் இருப்பதற்கு இந்த வெட்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பந்தலில் இருப்பவர்களின் கண்கள் என்று ஜனவரியில் உறுதியாக எழுதிவிட்டேன். அவ்வளவு உறுதி எனக்கு வந்திருக்கக் கூடாது.

மார்ச் 15

எங்கள் ஊரில் உளவியலாளரே இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். டாப்கின் குழுவினரே 2020இல் தொலைபேசி வழியாக நடத்திய சிபிடி ஆய்வை வெளியிட்டார்கள். 72 பேர் கலந்துகொண்டார்கள், பயன் தெரிந்தது. (ஜனவரியில் நான் எழுதிய 80 பேர் நேரில் நடந்த ஆய்வுக்கு உரியவர்கள்; இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒருவர் கேட்டதால் குறிப்பிடுகிறேன்.) என் கடைசி ஆறு அமர்வுகள் வீடியோ அழைப்பில்தான் நடந்தன. குரல் தாழ்ந்து போனவர்கள் கம்பியுள்ள இயர்போனை மாட்டிக்கொண்டு பேசினால் மறுமுனைக்குத் தெளிவாகக் கேட்கிறது.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் வாங்குவதை அவமானமாக எண்ணாதீர்கள்.

யோகாவையும் தியானத்தையும் பற்றிக் கேட்டவருக்கு: ஹாங்காங்கில் 138 பேரிடம் எட்டு வாரங்கள் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், விழிப்புணர்வோடு செய்யும் யோகா, நீட்சிப் பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும் சேர்ந்ததைவிட மனச்சோர்வையும் பதற்றத்தையும் கூடுதலாகக் குறைத்தது. விழாமல் செய்யுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

ஏப்ரல் 11

இன்று உலகப் பார்க்கின்சன் நாள்; ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாள். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

2022 முதல் மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் திண்ணைக்கு வந்து தமிழ் படிக்கிறார்கள். எனக்கு எது பெரிது என்று உளவியலாளர் கேட்டபோது, பிள்ளைகள் வாயில் தமிழ் சரியாக வர வேண்டும் என்றேன். அதற்குக் கரும்பலகை கட்டாயமா என்று அவர் திருப்பிக் கேட்டதில் தொடங்கியது இது. நான் செய்யுளை வாசிப்பேன், அவர்கள் பின்தொடர்வார்கள். இந்த மார்ச்சில் என் குரல் மிகவும் இறங்கிவிட்டது. பின்வரிசையில் இருந்த பிள்ளைகள் "கேட்கவில்லை, ஐயா" என்றார்கள். 2016இல் "தெரியவில்லை, ஐயா" என்று கேட்ட அதே இடத்துக்கு வந்து நின்றேன். இரண்டு வாரங்கள் திண்ணை வகுப்பை நிறுத்திவிட்டேன். இவ்வளவு கற்றும் மறுபடி ஒளிந்துகொண்டேன்.

மறுபடி இரண்டு அமர்வுகள் போனேன். ஒருமுறை முடித்துவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்பதுபோல் நான் முன்னே எழுதியிருந்தால் அது பிழை. நோய் ஒரு படி இறங்கும்போதெல்லாம் புதிய இழப்பு ஒன்று வருகிறது. அதற்கான அழுகையும் புதிதாகவே வருகிறது. குரலுக்குத் தனிப் பயிற்சி தொடங்கியிருக்கிறேன். திண்ணையில் இப்போது பிள்ளைகள் வாசிக்கிறார்கள், நான் கேட்கிறேன். ழகரம் தவறினால் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு; மறுபடி வாசிக்க வேண்டுமானால் இரண்டு. முதல் நாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாசிப்பை நிறுத்தி, "ஐயா, இது தட்டா, நடுக்கமா?" என்று கேட்டாள். அவ்வளவு இயல்பாகக் கேட்டாள். நடுக்கம்தான், நீ வாசி என்றேன். தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 27

உங்கள் அப்பா ஒருமுறை மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டார் என்றும், மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்த பிறகு ரம்மி தணிந்திருக்கிறது என்றும் படித்தேன். மிகவும் மகிழ்ச்சி.

மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வரும்படி நேரம் வாங்குங்கள். ஒரு வாரத்து மாத்திரை நேரங்களையும் மனநிலையையும் எழுதிய தாள் கையில் இருக்கட்டும். காதுகுத்துப் பேச்சை நீங்கள் எடுக்க வேண்டாம், அவர் எடுக்கட்டும். முதல் கால் மணி நேரம் அவர் தனியாகவே உள்ளே இருக்கட்டும். அவருக்காக நீங்கள் பதில் சொல்லிப் பழகியிருப்பீர்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது உங்கள் மனத்தில் ஓடுவதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது முறை உங்களையும் உள்ளே அழைப்பார்கள்.